உறைந்த ஓய்வூதியம்: சுமை யார் தலையில்?

கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் காலை ஆறு மணிக்கு நடப்பவர்களில் பலர் என்னைப் போல் ஓய்வு பெற்றவர்கள். எங்கள் பேச்சு பெரும்பாலும் சர்க்கரை அளவு, பிள்ளைகள் வாழும் நாட்டின் விசா நிலவரம், வங்கி வைப்புத்தொகைக்கான வட்டி ஆகிய மூன்றையே சுற்றி வரும். அந்தக் கூட்டத்தில் சில ஆண்டுகளாக ஓர் ஆங்கிலேயரும் உண்டு. லங்காஷயரில் பிறந்தவர், நூற்பாலை இயந்திரங்களைப் பொருத்தும் பணிக்காக இளம் வயதில் முதன்முதலாகக் கோவைக்கு வந்தவர், பின்னாளில் மான்செஸ்டரில் செவிலியராகப் பணியாற்றிய பொள்ளாச்சிப் பெண்ணை மணந்துகொண்டவர். 2010 ஏப்ரலில், தம் அறுபத்தைந்தாவது வயதில் ஓய்வு பெற்று, மனைவியுடன் கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள மூத்தோர் குடியிருப்பு ஒன்றில் குடியேறினார்.

அவரிடம் ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் வந்த பவுண்டு, அன்றைய மாற்று விகிதம், கைக்குக் கிடைத்த ரூபாய் ஆகியவற்றை அதில் வரிசையாக எழுதி வருகிறார். பொருளியல் ஆசிரியர் என்பதால் என்னிடம் ஒருநாள் அதைக் காட்டினார். மாற்று விகிதம் ஏறி இறங்குகிறது; ரூபாய்க் கணக்கும் அதோடு சேர்ந்து ஆடுகிறது. பவுண்டுக் கணக்கு மட்டும் பதினைந்து ஆண்டுகளாக அசையவில்லை. 2010இல் பிரிட்டனின் முழு அடிப்படை அரசு ஓய்வூதியம் வாரத்துக்கு 97 பவுண்டு 65 பென்ஸ். இன்றும் அவருக்கு அதே தொகைதான் வருகிறது. பிரிட்டனிலேயே தங்கிவிட்ட அவருடைய பழைய சக ஊழியருக்கு, அதே பங்களிப்புக்கு, 2025 ஏப்ரலில் வாரத்துக்கு 176 பவுண்டு 45 பென்ஸ் கிடைத்தது.

காரணம் எளிது. பிரிட்டன் தன் அரசு ஓய்வூதியத்தை உலகின் எந்த நாட்டுக்கும் அனுப்பும். ஆனால் ஆண்டுதோறும் வழங்கும் உயர்வைத் தன்னுடன் அதற்கான உடன்பாடு கொண்ட நாடுகளில் வாழ்வோருக்கே தரும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், அமெரிக்கா, பிலிப்பைன்ஸ், ஜமைக்கா ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. இந்தியா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகியவை இல்லை. இங்கெல்லாம் வாழ்வோர், வெளிநாட்டில் வாழத் தொடங்கியபோதோ அங்கிருந்து முதன்முதலாக ஓய்வூதியம் பெற்றபோதோ இருந்த தொகையிலேயே இறுதிவரை நிற்க வேண்டும். இப்படி நிற்பவர்கள் உலகெங்கும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் எல்லாரும் வெள்ளையர் அல்லர். பிரிட்டனின் மருத்துவமனைகளிலும் ஆலைகளிலும் பேருந்துகளிலும் முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைத்துவிட்டு, சொந்த மண்ணில் கண்மூட வேண்டும் என்று திரும்பி வந்த இந்தியர்களும் அவர்களுள் அடங்குவர்.

அவருடைய மனைவி இதை என்னைவிடத் தெளிவாகச் சொன்னார்: "எங்க ஊட்டுல ஒரு பென்சன் நடக்குதுங்கண்ணா, இன்னொண்ணு உக்காந்துக்கிச்சு." நடப்பது, தேசிய சுகாதார சேவையில் பணியாற்றியதற்காக அவருக்கு வரும் பணி ஓய்வூதியம். அது எந்த நாட்டில் வாழ்ந்தாலும் விலைவாசியோடு உயரும். உட்கார்ந்துவிட்டது, அவர்கள் இருவரின் அரசு ஓய்வூதியம். அரசு ஒன்றுதான், பெறுபவரும் ஒருவரே. சட்டம் மட்டும் வேறு.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். பவுண்டின் மதிப்பு ரூபாய்க்கு எதிராக உயர்ந்துகொண்டுதானே வந்திருக்கிறது, அது ஈடுகட்டாதா? கணக்கிட்டுப் பார்க்கலாம். 2010 ஏப்ரலில் ஒரு பவுண்டு சுமார் 68 ரூபாய். அவருடைய மாத ஓய்வூதியம் ஏறத்தாழ 28,800 ரூபாயாக இருந்தது. இப்போது பவுண்டுக்கு 115 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அதே தொகை ஏறத்தாழ 48,700 ரூபாய். பார்வைக்கு நல்ல உயர்வு. ஆனால் இதே காலத்தில் நம் நாட்டில் நுகர்வோர் விலைகள் இரண்டேகால் மடங்குக்கும் மேல் ஏறிவிட்டன. 2010இல் வாங்கியதையே இன்று வாங்க அவருக்குக் குறைந்தது அறுபத்தைந்தாயிரம் ரூபாய் வேண்டும். வாங்கும் சக்தியில் கால் பங்குக்கும் மேல் கரைந்துவிட்டது. ஆண்டு உயர்வு கிடைத்திருந்தால் இன்று அவர் பெறும் தொகை 87,000 ரூபாயைத் தாண்டியிருக்கும்.

மாற்று விகிதம் ஓரளவுக்கு ஈடுகட்டுகிறது என்பது உண்மை. ஆனால் தேவைப்படும்போது அது ஈடுகட்டுவதில்லை. 2016 ஜூனில், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் வாக்கெடுப்புக்குச் சற்று முன், பவுண்டு சுமார் 100 ரூபாயாக இருந்தது. அக்டோபரில் 82 ரூபாய் அளவுக்கு வந்துவிட்டது. நவம்பர் 8 அன்று இங்கே பணமதிப்பிழப்பு. அந்த மாதப் பக்கத்தில் அவர் தேதிவாரியாக, எந்த ஏடிஎம் வரிசையில் எத்தனை மணி நேரம் நின்றார் என்று எழுதி வைத்திருக்கிறார். 2022 அக்டோபரில் பிரிட்டனின் பணவீக்கம் 11.1 விழுக்காட்டைத் தொட்டது. அதையொட்டி அடுத்த ஏப்ரலில் அங்குள்ள ஓய்வூதியர்களுக்கு 10.1 விழுக்காடு உயர்வு கிடைத்தது. இவருக்கு அதில் ஒரு பென்னிகூட இல்லை.

2008ஆம் ஆண்டின் நெருக்கடியில் ஸ்பெயினின் கடற்கரை ஊர்களில் குடியேறியிருந்த பிரிட்டிஷ் ஓய்வூதியர்கள் பட்ட பாடு உலகச் செய்தியானது. 2007 தொடக்கத்தில் ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை யூரோ கிடைத்தது. 2008 டிசம்பர் முடிவில் ஒரு யூரோவுக்குச் சற்று மேல்தான். கூடவே வீட்டு விலைகள் வீழ்ந்தன. பிரிட்டனில் வங்கி வட்டி விகிதம் ஐந்து விழுக்காட்டிலிருந்து ஆறே மாதங்களுக்குள் அரை விழுக்காட்டுக்கு இறங்கியது. சேமிப்பை நம்பியவர்களுக்கு அது மூன்றாவது அடி. ஆயினும் அவர்களுக்கு ஆண்டு உயர்வு என்ற ஒரு பிடிமானம் இருந்தது. இந்தியாவில் இருந்தவர்களுக்கு நிலைமை தலைகீழ். ரூபாயும் சேர்ந்தே சரிந்ததால் மாற்று விகித அடி சற்று மென்மையாக விழுந்தது. பிடிமானம் மட்டும் இல்லை.

அப்படியானால் அன்றாட வாழ்வு எப்படி நடக்கிறது? யாரும் பட்டினி கிடக்கவில்லை. பட்டினியை விட மெதுவாக நடக்கும் ஒன்றைத்தான் அந்த நோட்டில் கண்டேன். முதலில் மகனைப் பார்க்க ஆண்டுதோறும் போய்வந்தது இரண்டாண்டுக்கு ஒருமுறையானது. பிறகு அதுவும் நின்றது. பிரிட்டனில் தங்கும் வாரங்களுக்கு மட்டும் முழு ஓய்வூதியம் கிடைக்கும் என்று ஒரு விதி உண்டு. ஆனால் ஆறு வாரம் தங்கினாலும் கூடுதலாகக் கிடைப்பது விமானக் கட்டணத்துக்குப் போதாது. அடுத்து, மருத்துவக் காப்பீட்டின் சந்தா. மூத்த குடிமக்களுக்கான சந்தாவை ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தன்னிச்சையாக உயர்த்தக் கூடாது என்று 2025 தொடக்கத்தில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொல்ல வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். பிறகு குடியிருப்பின் பராமரிப்புக் கட்டணம். பிறகு கார். இப்போது நகருக்கு வாரம் இருமுறை பேருந்தில் வருகிறார். உடலுக்கு நல்லது என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. முழு உண்மையையும் சொல்லவில்லை.

பிரிட்டன் அரசின் வாதத்தையும் கேட்டாக வேண்டும். ஓய்வூதிய உயர்வு உள்நாட்டு விலைவாசிக்காகத் தரப்படுவது, வேறு நாட்டு விலைவாசிக்கு அது பொருந்தாது; எல்லாருக்கும் தருவது பெருஞ்செலவு. இவைதான் அதன் இரு தூண்கள். தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த அன்னெட் கார்சன் என்பவர் தொடுத்த வழக்கில், 2005இல் பிரிட்டனின் பிரபுக்கள் அவையும், 2010 மார்ச்சில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு பதினொன்றுக்கு ஆறு என்ற கணக்கிலும் இவ்வாதத்தை ஏற்றுக்கொண்டன. சட்டப்படி விவகாரம் முடிந்தது. பொருளியல்படி முடியவில்லை. உள்நாட்டு விலைவாசிதான் அளவுகோல் என்றால் அமெரிக்காவில் வாழ்பவருக்கு ஏன் உயர்வு? கனடாவில் வாழ்பவருக்கு ஏன் இல்லை? நயாகராவின் இரு கரையிலும் விலைவாசி அவ்வளவு வேறுபடுவதில்லை. வேறுபடுவது உடன்பாடு மட்டுமே.

ஓய்வூதியத்தைப் பற்றிப் பேசும்போது நாம் தொகையைப் பற்றியே பேசுகிறோம். உண்மையில் ஓய்வூதியம் என்பது ஆபத்தை யார் சுமப்பது என்ற ஓர் ஏற்பாடு. விலை ஏறும், நாணயம் சரியும், வட்டி குறையும். எந்தப் பொருளாதாரத்திலும் இவை வரத்தான் செய்யும். அவை வரும்போது சுமையை அரசு ஏற்குமா, முதியவர் ஏற்பாரா? விடை எழுதப்பட்டிருப்பது ஓய்வூதிய ஆணையின் தொகையில் அல்ல, அதன் உயர்வு விதியில்.

வரலாற்றில் இதே கேள்விக்கு நேர் எதிரான விடையும் இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் இங்கே பணியாற்றிவிட்டு இங்கிலாந்து திரும்பிய அதிகாரிகளின் ஓய்வூதியம் இந்திய வரிப்பணத்திலிருந்து பவுண்டில் செலுத்தப்பட்டது. 'உள்நாட்டுச் செலவினம்' என்று லண்டன் கணக்கில் எழுதப்பட்டு, தாதாபாய் நௌரோஜி முதலானோர் செல்வ வடிகால் என்று சாடியதன் ஒரு கூறு அது. 1870களின் தொடக்கத்தில் ஏறத்தாழ இரண்டு ஷில்லிங்காக இருந்த ரூபாயின் மதிப்பு, வெள்ளி விலை வீழ்ச்சியால் 1890களின் நடுவில் ஒரு ஷில்லிங் ஒரு பென்னி அளவுக்குச் சரிந்தது. லண்டனில் ஓய்வூதியருக்குக் கிடைத்த பவுண்டு குறையவில்லை. அதற்காக இந்திய உழவர் செலுத்திய ரூபாய்தான் கூடிற்று. சுதந்திரத்துக்குப் பின் 1948இல்கூட, ஸ்டெர்லிங் இருப்பிலிருந்து பெருந்தொகை கொடுத்து அந்த ஓய்வூதியப் பொறுப்பை இந்தியா தீர்த்துக்கொண்டது. அன்று நாணய ஆபத்தை ஓய்வூதியர் சுமக்கவில்லை. வேறொரு நாடே சுமந்தது.

நீலகிரியிலும் ஆனைமலையிலும் சுதந்திரத்துக்குப் பின்னும் தங்கிவிட்ட சில ஆங்கிலேயக் குடும்பங்கள் வேறொரு பாடத்தைக் கற்றிருப்பார்கள். 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டபோது 13 ரூபாய் 33 காசாக இருந்த பவுண்டு ஒரே நாளில் 21 ரூபாயானது. பவுண்டில் வருமானம் பெற்றவருக்கு அது யோகம். அடுத்த ஆண்டு நவம்பரில் பவுண்டின் மதிப்பு குறைக்கப்பட, அது 18 ரூபாயாக இறங்கியது. இரு முறையும் குன்னூர்ச் சந்தையில் அவர்கள் வாங்கிய காய்கறியில் எந்த மாற்றமும் இல்லை. முடிவுகள் எங்கோ எடுக்கப்பட்டன.

"மாதம் அரை லட்சம் வாங்கும் ஆங்கிலேயருக்காக நாம் ஏன் உருக வேண்டும்?" என்று இதற்குள் வாசகர் கேட்டிருப்பார். நானும் கேட்டுக்கொண்டேன். விடை என் தெருவிலேயே இருந்தது.

எங்கள் தெருமுனையில் துணி தேய்த்துக் கொடுக்கும் முதியவர், முப்பது ஆண்டுகள் நூற்பாலையில் வேலை பார்த்து 2008இல் ஓய்வு பெற்றவர். 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் அவருக்கு மாதம் ஆயிரத்து நானூறு ரூபாய்ச் சொச்சம் வருகிறது. ஓய்வு பெற்ற மாதம் எவ்வளவோ அவ்வளவே இன்றும். "பிரசர் மாத்திரைக்கும் சக்கரை மாத்திரைக்கும் சரியாப் போயிருதுங்க ஐயா. சோத்துக்குத்தானுங்க இந்தப் பெட்டி" என்று இஸ்திரிப் பெட்டியைக் காட்டுகிறார். அவர் கணக்கு நோட்டு வைத்திருக்கவில்லை. எழுத என்ன இருக்கிறது?

லங்காஷயர் பொறியாளரின் ஓய்வூதியமும் கோவை ஆலைத் தொழிலாளியின் ஓய்வூதியமும் அளவில் மலையும் மடுவும். அமைப்பில் இரண்டும் ஒன்றே. பணிக்காலம் முழுவதும் பங்களிப்பு செலுத்தப்பட்டது. உயர்வு விதி மட்டும் எழுதப்படவில்லை. பிரிட்டன் தன் குடிமக்களில் ஒரு பகுதியினருக்குச் செய்வதை நாம் நம் ஆலைத் தொழிலாளர் அனைவருக்கும் செய்கிறோம். அத்திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. பத்தாண்டுகளுக்கு மேலாகியும் அங்கேயே நிற்கிறது. அந்த ஆயிரத்தின் வாங்கும் சக்தி இன்று ஏறத்தாழ அறுநூறு ரூபாய். தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் அறுபது முதல் எழுபத்தொன்பது வயது வரையிலானோருக்கு நடுவண் அரசின் பங்கு 200 ரூபாய். 2007இல் இந்திரா காந்தியின் பெயரில் திட்டம் விரிவாக்கப்பட்டபோதும் அதே 200தான். தமிழ்நாடு அரசு தன் நிதியைச் சேர்த்து 1,000 ரூபாயாகத் தந்துவந்ததை 2023இல் 1,200 ஆக்கியது. பாராட்டலாம். ஆனால் இதுவும் அவ்வப்போது தரப்படும் கொடைதான். உயர்வு விதி அன்று.

என் நிலையையும் சொல்லிவிட வேண்டும். அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் 2003க்கு முன்பே பணியில் சேர்ந்தவன் நான். விலைவாசியோடு அகவிலைப்படி உயரும் ஓய்வூதியம் எனக்குக் கிடைக்கிறது. ஊட்டில் நடக்கும் பென்சன் என்னுடையது. 2020இல் கொரோனா நெருக்கடியின்போது நடுவண் அரசு 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை அகவிலைப்படி உயர்வை நிறுத்தி வைத்தது. மாநில அரசும் அவ்வழியே சென்றது. ஒன்றரை ஆண்டு உயர்வு நின்றதற்கு எங்கள் சங்கக் கூட்டங்களில் எழுந்த குமுறல் நினைவிருக்கிறது. நானும் பேசினேன். அன்று அந்த மண்டபத்துக்கு வெளியே, பத்தாண்டுகளுக்கும் மேலாக உயர்வே காணாத ஓய்வூதியத்தோடு ஒருவர் என் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தோன்றவில்லை.

இவர்கள் இருவருக்கும் இடையில் பெரியதொரு நடுத்தரக் கூட்டம் கொங்கு நாட்டில் இருக்கிறது. பட்டறை நடத்தியவர், விசைத்தறி வைத்திருந்தவர், பனியன் நிறுவனத்தில் மேலாளராக இருந்தவர் ஆகியோருக்கு ஓய்வூதியமே கிடையாது. சேமிப்பின் வட்டிதான் அவர்களுடைய ஓய்வூதியம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் வட்டி 2020 ஏப்ரலில் 8.6 விழுக்காட்டிலிருந்து 7.4 ஆகக் குறைக்கப்பட்டது. அன்றைய உச்சவரம்பான 15 லட்சம் ரூபாயைப் புதிதாக வைத்தவருக்கு, ஒரு மாதம் முன்பு வைத்தவரைவிட ஆண்டுக்கு 18,000 ரூபாய் குறைவு. 2023இல் அது 8.2 விழுக்காட்டுக்கு ஏறியது. மந்தநிலையில் தொழிலுக்கு உயிரூட்டக் கடன் வட்டியைக் குறைப்பது சரியான மருந்துதான். அந்த மருந்தின் விலையில் ஒரு பகுதியை முதியவர்கள் தருகிறார்கள் என்பதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா விதித்த 50 விழுக்காடு வரி திருப்பூரை உலுக்கியபோது, பெற்றோருக்கு மாதந்தோறும் பணம் கொடுத்துவந்த பிள்ளைகளின் கையும் சுருங்கியது. பிள்ளைகளே ஓய்வூதியமாக இருக்கும் வீடுகளில் அடி அப்படித்தான் இறங்கும்.

என்ன செய்யலாம்? 2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதனுடன் சேர்த்து, ஒரு நாட்டிலிருந்து மற்றொன்றுக்குத் தற்காலிகமாக அனுப்பப்படும் ஊழியர்கள் இரு இடத்திலும் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு செலுத்த வேண்டியதில்லை என்ற ஏற்பாடும் ஒப்புக்கொள்ளப்பட்டது. நல்லது. ஆனால் அது பணியில் இருப்போரின் பங்களிப்பைப் பற்றியது; ஓய்வு பெற்றோரின் உயர்வைப் பற்றியதன்று. பங்களிப்பைப் பற்றிப் பேச முடிந்த இரு அரசுகளால் பயனைப் பற்றியும் பேச முடியும். உறைந்த ஓய்வூதியர்களின் அமைப்புகள் முன்வைப்பதும் மிதமான கோரிக்கைதான்: கடந்தகால இழப்பைத் தர வேண்டாம், இன்றுள்ள தொகையிலிருந்து இனிமேலாவது ஆண்டு உயர்வு தாருங்கள்.

இந்தக் கோரிக்கையை டெல்லி லண்டனிடம் வைக்க வேண்டுமானால், அதே வாசகத்தை முதலில் தனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்திலும் பழைய பாக்கி வேண்டாம். குறைந்தபட்சத் தொகையை ஒருமுறை சீரமைத்து, அதன் பின் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டோடு இணைத்துவிடலாம். நடுவண் அரசின் 200 ரூபாய்க்கும் இதுவே வழி. நிதி எங்கே என்ற கேள்வி வரும். அத்திட்டத்துக்கு முதலாளி தருவது ஊதியத்தில் 8.33 விழுக்காடு, அரசு தருவது 1.16 விழுக்காடு. இது போதாது என்றால் அரசின் பங்கைக் கூட்டி, வரவுசெலவுத் திட்டத்தில் வெளிப்படையாக எழுதுவதே நேர்மை. இப்போதும் அந்தச் செலவு நடக்கிறது. அதை அரசு செய்யவில்லை. இஸ்திரிப் பெட்டியோடு நிற்பவர் செய்கிறார்.

சென்ற வாரம் அந்த ஆங்கிலேயர் பிரிட்டன் நாடாளுமன்றத்துக்கு அனுப்பும் மனு ஒன்றைக் காட்டி, இந்தியப் பொருளியல் ஆசிரியர் என்ற முறையில் அதன் கணக்கைச் சரிபார்த்துத் தரச் சொன்னார். சரிபார்த்துக் கொடுத்தேன். அன்று மாலை, என் தெருவில் இருக்கும் முதியவரின் ஓய்வூதிய ஆணையையும் கேட்டு வாங்கி, அதே கணக்கை அவருக்கும் போட்டிருக்கிறேன். அந்த மனுவை நம் தொழிலாளர் அமைச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். எழுதித் தருவது மட்டுமே என் வேலை. கையெழுத்திட எத்தனை பேர் வருவார்கள் என்று அடுத்த சங்கக் கூட்டத்தில்தான் தெரியும்.